உப்புப் போடாத சாயம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அதில் மூன்றே முக்கால் பக்கத்தை உன் அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். லீவு கிடைத்தது, பூனாவிலிருந்து ரயிலுக்குப் பதிந்தது, கல்யாணத்துக்கு வரும் சிநேகிதர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் யார் காரம் சாப்பிட மாட்டார்கள் என்பது வரைக்கும் வாசித்தேன். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோலக் கேட்டார். மிச்சமிருந்த கால் பக்கத்தை மட்டும் வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டேன். "மாமாவுக்குப் பத்திரிகையைத் தபாலிலேயே அனுப்பிவிடுங்கள். அப்பாவுக்கும் அவருக்கும்தான் ஆகாதே. வந்தால் வரட்டும், வராவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது" என்று எழுதியிருந்தாயே, அந்தக் கால் பக்கம். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. முதலில் உன்மேல் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபம் திரும்பி என்மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

தாய்மாமனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்புவதும், நீ வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்வதும் நம் பக்கத்தில் ஒன்றுதான். ஆணும் பெண்ணுமாக வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்ட வேண்டும். அப்படி நீட்டினால்தான் அவன் மாலையோடு வந்து மணமேடை ஏறுவான். என் கூடப் பிறந்த தம்பி என்பதால் நான் மட்டும் போய் நின்றால் போதாது, உன் அப்பாவும் வர வேண்டும். பத்திரிகை அச்சாகி வந்த நாளிலிருந்து நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். "போஸ்ட்ல போடு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்பனும் மகனும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே பதிலைச் சொல்கிறீர்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. உன் மாமா இல்லாமல் உன் கல்யாணம் நடந்துவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ நினைவு தெரிந்ததிலிருந்து கேட்டிருப்பாய், 'தவமணி கெடுத்த பைனல்' என்று. பழங்காநத்தத்தில் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் நாலு பேர் கூடி டீ குடித்தால் அந்தப் பேச்சு வந்துவிடும். நீயே சின்ன வயதில் உன் மாமாவிடம் முகத்துக்கு நேராக, "நீங்கதான மாமா எங்க அப்பாவுக்குக் கப்பு கிடைக்காமப் பண்ணுனீக?" என்று கேட்டாய். அவன் சிரித்துக்கொண்டே, "ஆமாடா மாப்ள, நாந்தான்" என்றான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பைனல் நடந்து இருபத்துநாலு வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன். அந்தப் பைனலைக் கெடுத்தது உன் மாமா இல்லை. நான்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். அப்போது வருஷா வருஷம் கோடை விடுமுறையில் ரயில்வே லைனை ஒட்டிய மைதானத்தில் கால்பந்துப் போட்டி நடக்கும். மதுரைக்குள்ளிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் இருபதுக்கும் மேலே கிளப்புகள் வரும். நாலு பக்கமும் சாக்குப் படுதா கட்டி, மைக் செட் வைத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் ஊரே அங்கேதான் கிடக்கும். எல்லாம் நாக்-அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான், அடுத்த கோடை வரைக்கும் பேச்சே கிடையாது. உன் அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு நம் தெருக் கிளப்புக்கு கேப்டனாக இருந்தார். சென்டர் ஹாஃப், நடுவில் நின்று எதிராளியைத் தடுக்கிற இடம். நாலு வருஷம் போய் நாலு வருஷமும் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. ஒரு வருஷம் திருமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன கோல் கீப்பர் பஸ் கிடைக்காமல் வந்து சேரவில்லை, பத்துப் பேரோடு ஆடி ஏழு கோல் வாங்கினார்கள். அந்த ராத்திரி உன் அப்பா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பந்துக்காக ஒரு ஆம்பளை இப்படி இருப்பானா என்று எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

ஐந்தாம் வருஷம்தான் உன் மாமா தவமணி நம் வீட்டில் வந்து தங்கினான். வாடிப்பட்டியில் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு இங்கே ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்திருந்தான். இருபது வயது. லெஃப்ட் அவுட்டில், இடது ஓரத்தில் ஓடி ஆடுகிற இடத்தில், நிறுத்தினார்கள். அவன் ஓடுவதைப் பார்த்த அன்றைக்கு உன் அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம், "உங்க அப்பன் வீட்டுச் சீதனத்துலயே உருப்படியா வந்தது இவந்தான் புள்ள" என்றார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் ஒரே சைக்கிளில் மைதானத்துக்குப் போவார்கள். திரும்பி வரும்போது தெரு முனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்த ஒரு வருஷத்தில் நம் வீட்டில் இருந்த கலகலப்பு அப்புறம் எப்போதும் இல்லை. அந்த வருஷக் கோடையில் நம் கிளப் முதல் சுற்று, இரண்டாவது சுற்று, கால் இறுதி என்று தாண்டித் தாண்டி, வெள்ளிக்கிழமை அரை இறுதியிலும் ஜெயித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பைனல். எதிரே திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிளப்.

அதே ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டியில் உன் சித்திக்கு வளைகாப்பு. மூத்தவள் நான் இருக்க வேண்டிய இடம். சனிக்கிழமை மத்தியானமே எல்லோரும் புறப்படுவதாக இரண்டு மாதத்துக்கு முன்பே பேச்சு. நான் வளையல் வாங்கி, பலகாரம் சுட்டு, உனக்குப் புதுச் சட்டை தைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கிளப் செக்ரட்டரி வந்தார். கையில் கோல் கீப்பரைத் தவிர்த்துப் பத்துப் பேருடைய வெள்ளைப் பனியன், ஒரு பொட்டலம் சிவப்புச் சாயப் பொடி. "தங்கச்சி, ரெண்டு டீமும் வெள்ளைப் பனியனாப் போச்சு. டாஸ் போட்டுப் பாத்தாக, நம்மதான் கலர் மாத்தணுமாம். நீங்க ஊருக்குப் போகலைன்னு கேப்டன் சொன்னாரு. சாயம்னா உங்களைய விட்டா இந்தத் தெருவுல வேற ஆரு இருக்கா?" என்றார். நான் ஊருக்குப் போகவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அவர் சொன்னது பொய்யில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவள், சாயப் பட்டறையில் நின்று வேலை பழகியவள். ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. உன் அப்பா வந்ததும் கேட்டேன். "பைனல் எப்பவும் வருமா? வளைகாப்புக்கு நீ மட்டும் வேணும்னாப் போயேன்" என்றார். புருஷனும் இல்லாமல் தம்பியும் இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போய் நின்று, கேட்கிறவர்களுக்கெல்லாம் பந்து விளையாடப் போயிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம். தவமணியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த மாசம் பிள்ளை பொறந்ததும் போயிக்கிருவம்க்கா" என்றான். கூடப் பிறந்தவனே இப்படிச் சொல்லிவிட்டானே என்பதுதான் உன் அப்பா சொன்னதைவிட எனக்கு அதிகமாக வலித்தது.

தவமணிதான் கொல்லையில் கல் கூட்டி அடுப்பு மூட்டினான், அண்டாவை ஏற்றினான், பொடியைக் கரைத்துப் பனியன்களைப் போட்டுக் கம்பால் கிளறினான். கொஞ்ச நேரத்தில், "நீ போடா, நாளைக்கு ஆடணும்ல" என்று நானே அவனை அனுப்பிவிட்டேன். சாயம் போடும்போது உப்புப் போட வேண்டும், அதுதான் நூலைப் பிடித்துக்கொள்ள வைக்கும். அண்டாத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் கொதிக்க வேண்டும். அப்புறம் மூன்று தண்ணீரில் அலச வேண்டும். இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். உப்புப் பானையைத் திறந்து இரண்டு கை அள்ளினேன். அள்ளியதைத் திரும்பப் பானையிலேயே போட்டு மூடினேன். தண்ணீர் இன்னும் ரத்தச் சிவப்பாக இருக்கும்போதே பனியன்களை எடுத்தேன், அலசாமல் பிழிந்து கொடியில் போட்டேன். வேர்வையில் சாயம் இளகி, அத்தனை பேர் முன்னால் கழுத்தும் கையும் சிவந்து, கூத்தாடிகள் மாதிரி நிற்கட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் நினைத்துத்தான் செய்தேன், மறந்துபோய்ச் செய்யவில்லை.

அலசாத சாயம் காய்ந்தால் பார்ப்பதற்கு ரொம்ப அழகாக இருக்கும். மறுநாள் பனியனை வாங்க வந்தவர்கள் எல்லோரும் பட்டு மாதிரி இருக்கிறது என்று வாய் நிறையப் புகழ்ந்தார்கள். உன் அப்பா அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். போகும்போது திரும்பி என்னைப் பார்த்து, "கோவிச்சுக்கிராத புள்ள, நாளைக்கே உன்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை முந்தின நாளே சொல்லியிருக்கக் கூடாதா? இதை உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், நீயும் கட்டப்போகிறாய். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாத நாள் உனக்கும் வரும், எந்த ஆம்பளைக்கும் வரும். அன்றைக்கு அதை நீயே அவள் எதிரில் நின்று சொல். மூன்றாம் மனுஷன் வாயால் அவள் அதைக் கேட்கும்படி வைக்காதே.

நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ரயில்வே குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தோம். ஆட்டக்காரர்கள் உட்காருகிற பெஞ்சு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். முதல் பாதியிலேயே நான் நினைத்தது நடந்தது. வேர்வையில் சாயம் வழிந்து எல்லோருக்கும் கழுத்து சிவந்தது. வெள்ளை டவுசரில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. கூட்டம் சிரித்தது. எனக்கும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டம் நடக்க நடக்க எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. உன் அப்பா ஆடி நான் அதுவரை பார்த்ததே இல்லை. வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீருக்கு என்னைக் கூப்பிடுகிற மனுஷன் அங்கே பத்துப் பேரைச் சுமந்துகொண்டு நின்றார். அவரைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் தள்ளிக் கொடுத்த பந்தை எடுத்துக்கொண்டு தவமணி ஓரமாகவே ஓடி, இரண்டு பேரை ஏய்த்து, வலைக்குள் அடித்தான். நான் உன்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன். நீ பயந்து அழுதாய்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் மழை. கோடை மழை எப்படி வரும் என்று உனக்குத் தெரியும், சொல்லிவிட்டா வரும்? சடசடவென்று கொட்டியது. பனியன்களிலிருந்து சாயம் ஓடையாக இறங்கியது. தொடை, முழங்கால் எல்லாம் சிவப்பு. யாருக்கோ மண்டை உடைந்துவிட்டது என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கத்தினார். முட்டி மோதியதில் திண்டுக்கல்காரர்களின் வெள்ளைப் பனியனிலும் சிவப்பு ஏறிவிட்டது, நம் ஆட்களுடையது வெளுத்துவிட்டது, போதாததற்குச் சேறு. இருபது பேரும் ஒரே நிறம். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். "கலரை மாத்த வேண்டியது உங்க பொறுப்பு. பத்து நிமிசத்துல வேற பனியனோட வரலைன்னா கப்பு அவுகளுக்கு" என்று சொல்லிவிட்டார். ஒரு கோல் முன்னால் இருக்கிறது நம் கிளப். கையில் வந்த கோப்பை அது.

அந்தப் பத்து நிமிஷத்தில் நான் பார்த்ததை எல்லாம் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தனை பேருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள். திண்டுக்கல் கேப்டன் நினைத்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றே கோப்பையை வாங்கியிருக்கலாம். அந்த மகராசன் ரெஃப்ரியிடம் போய், "பத்து நிமிசம் பத்தாது சார், இருபது குடுங்க. நாங்க ஆடித்தான் செயிக்கணும்" என்றார். கூட்டத்தில் ஸ்டேஷன் போர்ட்டர்கள் ஏழு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்குத்தான் சிவப்புச் சட்டையாயிற்றே. ஒருவர் கையில் கட்டியிருந்த பித்தளை நம்பர் வில்லையை அவிழ்த்துக்கொண்டு, "எடுத்துக்கங்கப்பா" என்று சட்டையைக் கழற்றினார். மற்ற ஆறு பேரும் கழற்றினார்கள். இன்னும் மூன்று சட்டை வேண்டும் என்றதும் ஒருவர் வெற்றுடம்போடு மழையில் ஸ்டேஷனுக்கு ஓடி, அங்கே வேலையில் இருந்தவர்களிடம் வாங்கிக்கொண்டு வந்தார். அவர்கள் யாருக்கும் நம் கிளப்பின் பெயர்கூடத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் பெஞ்சுப் பக்கம் செக்ரட்டரி துண்டை உதறிப் போட்டுக் கத்தினார். "எந்தக் கிறுக்குப் பயலுய்யா சாயம் போட்டது?" எல்லோருக்கும் தெரியும், நான்தான் போட்டேன் என்று. உன் அப்பா மெதுவாகத் திரும்பிச் சுவர்ப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. தவமணி நடுவில் வந்து நின்றான். "நாந்தான் மச்சான். உப்புப் போட்டு இன்னும் அரை மணி நேரம் கொதிக்க விடணும்னு அக்கா சொல்லுச்சு. நாந்தான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்" என்றான். சத்தமாகச் சொன்னான், நாலு பேர் கேட்கட்டும் என்று. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. "இல்லை, நான்தான்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள், மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஆடினார்கள். அளவில்லாத சட்டைகள், தண்ணீரில் ஊறிக் கனத்துப்போனவை. உட்கார்ந்து எழுந்ததில் கால்கள் வேறு விறைத்துவிட்டன. ஒரு கோல் வாங்கினார்கள். இரண்டாவது கோலை நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தேன், கூட்டத்தின் சத்தத்தில்தான் தெரிந்தது. இரண்டுக்கு ஒன்று. அன்று சாயங்காலம் உன் அப்பா வீட்டு வாசலில் நின்று தவமணியிடம், "இனிமே என் கண்ணு முன்னால நிக்காத" என்றார். மறுநாள் காலை டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டான். என்னிடம் வந்து "வாரேன்க்கா" என்றான். நான் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் போன பிறகு உன் அப்பா பந்தைத் தொடவே இல்லை.

அவன் ஊரில் எங்கள் அப்பாவின் நிலத்தைப் பார்க்கத் தொடங்கினான். கெட்டுப்போய்விடவில்லை, நன்றாகவே இருக்கிறான். உன் அப்பா அப்படிச் சொல்லியும் இருபத்துநாலு பொங்கலுக்கும் நம் வீட்டுக்குச் சீர் வராமல் இருந்ததில்லை. கரும்பும் மஞ்சள் குலையும் அரிசியும் அவனே தலையில் சுமந்து வந்து இறக்கி வைப்பான். உன் அப்பா "வாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். அவன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவான். ஒன்பதாம் வகுப்பில் உனக்கு டைபாய்டு வந்ததே, அப்போது இருபத்தொரு நாளும் வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பான், உன் அப்பா வேலைக்குப் போனதும் உள்ளே வந்து உன் காலைப் பிடித்துவிடுவான். நீ கண்ணை மூடிக் கிடந்தாய், உனக்குத் தெரியாது. ஒரு தடவையாவது, "நீ செஞ்சதுக்கு நான் சுமக்குறேன்" என்று அவன் கண்ணாலாவது காட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது. காட்டவே இல்லை.

இவ்வளவையும் எழுதியது உன்னை அழ வைப்பதற்கு இல்லை. எனக்குக் கிடைத்த மனிதர்களை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான். சட்டை கொடுத்த போர்ட்டர், இருபது நிமிஷம் கேட்ட எதிராளி, பழியை வாங்கிக்கொண்ட தம்பி. உன் அப்பாவும் அப்படித்தான். தம்பியை ஒதுக்கினாரே தவிர, அவன் அக்காள் என்று என்னை ஒரு நாள் ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. நான் கொடுத்துவைத்தவள். அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நாக்-அவுட் எல்லாம் மைதானத்தோடு இருக்கட்டும், வீட்டுக்குள் கொண்டுவராதே. ஒரு தடவை தோற்றவனை வெளியே அனுப்பினால் கடைசியில் நீ ஒருத்தன்தான் கோப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன் பெண்டாட்டி என்னைப் போல ஒரு நாள் கோணலாக எதையாவது செய்வாள், செய்யாவிட்டால் அவள் மனுஷியே இல்லை. அன்றைக்கு யார் செய்தது என்று கேட்பதற்கு முன்னால் ஏன் செய்தாள் என்று கேள்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. எழுதி முடித்து ஒட்டப் போனேன், கை வரவில்லை. பெற்ற பிள்ளைக்குச் சொல்கிறேன், கட்டிய புருஷனுக்குச் சொல்லவில்லையே, இதென்ன நியாயம்? சனிக்கிழமை காலையில் காபியைக் கொடுத்து உட்கார வைத்து, உன் கால் பக்கத்திலிருந்து தொடங்கி இந்தக் கடிதம் முழுவதையும் உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உப்பை அள்ளித் திரும்பப் போட்ட இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அவர் "வாசி" என்றார். முடித்தபோது காபியில் ஆடை படிந்துவிட்டது. திட்டுவார் என்று பார்த்தேன்.

"ரெண்டாவது கோல் எப்படிப் போச்சுன்னு நீ பாக்கலையா?" என்று கேட்டார்.

"நான் எங்க பாத்தேன்? அழுதுக்கிட்டுல்ல நின்னேன்."

"என்னால போச்சு புள்ள. மாப்ள தவமணிய நிப்பாட்டி வச்சுத் திட்டிக்கிட்டிருந்தேன். உன்னாலதான்டா இம்புட்டும்னு கத்திக்கிட்டிருக்கேன், அவுக கோட்டுக்கு வெளிய நின்னு பந்தைத் த்ரோ போட்டது தெரியல. நான் நிக்க வேண்டிய எடத்துல ஆளு இல்ல. அது வழியாத்தான் போச்சு. வெளியே எவனுக்கும் தெரியாது, சாயம் சாயம்னே பேசிட்டாய்ங்க. நானும் பேச விட்டுட்டேன். அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தக் கோல்தான் தெரியும். அதான் பேப்பரைத் தூக்கிக்கிருவேன்."

இருபத்துநாலு வருஷமாக ஒரே வீட்டில், ஒருத்தரிடம் ஒருத்தர், ஆளுக்கொரு தப்பை மறைத்துக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறோம். எனக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்புத்தான் வந்தது. அவரும் சிரித்தார். அப்புறம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வெத்தலைத் தட்டை எடு" என்றார்.

வாடிப்பட்டி பஸ்ஸில் வழியெல்லாம் யார் முதலில் சொல்வது என்று எங்களுக்குள் வாக்குவாதம். நாங்கள் போனபோது தவமணி வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காயைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் பதறி எழுந்தான், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று. நான் உள்ளே போய் உட்காரக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே, "டேய், அன்னைக்கு நான் உப்பை மறக்கலடா. வேணும்னேதான் போடல" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா" என்றான். "கொடியில இருந்து எடுக்குறப்பவே கையெல்லாம் சிவந்துருச்சு. நீ உப்பை மறக்குற ஆளா?"

"பெறகு ஏண்டா ஒண்ணும் சொல்லல? ஏண்டா அதைப் போட்டு ஆடுன?"

"வளைகாப்புக்கு வாரேன்னு சொல்லிட்டு வராதது நாங்கதான. உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக் கேக்குறது?"

உன் அப்பா தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றார். "மாப்ள, அந்த ரெண்டாவது கோலு..." என்று தொடங்கினார்.

"அதுவும் தெரியும் மச்சான்" என்றான் தவமணி. "பந்து பந்துன்னு நாந்தான கத்துனேன்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, உன் அப்பா கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டான்.

அம்மா